எடைமேடைக்காரர் மொண்டு வந்த தண்ணீர்

துறைமுகத்தில் வேலை என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே கடலை நினைத்துக்கொள்வார்கள். எடைமேடைக்காரருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அவருடைய அறை இரண்டாம் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலை அடைத்துக்கொண்டு காலையிலிருந்து லாரிகள் வந்து நிற்கும். சரக்கோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் சரக்கின் எடை. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அவர் இதைத்தான் செய்துகொண்டிருந்தார். லாரிகளின் விலாவையும் ஓட்டுநர்களின் முழங்கையையும் பார்த்த அளவுக்குச் சொந்த மனைவியின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார். கடல் அந்த லாரிகளுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. அதன் வாசனை ஜன்னலுக்கு வரும், சத்தம் வரும், கடல் வராது.

அவருடைய குணத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. எதையும் எடை போடாமல் விடமாட்டார். ஒரு லாரியின் பின்சக்கரம் மேடைக்கு வெளியே நாலு விரல் தள்ளி நின்றாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் இரண்டு டம்ளரில் டீ ஊற்றினால் எதில் ஒரு வாய் கூடுதல் என்று சொல்லிவிடுவார். தம்பிக்கு அம்மா எத்தனை தடவை தலை வாரிவிட்டாள், தனக்கு எத்தனை தடவை என்ற கணக்கு இந்த வயதிலும் அவரிடம் பத்திரமாக இருந்தது. வேலைக்கு இந்தக் குணம் நல்லதுதான். குடும்பத்துக்கு ஆகாது.

மகள் படிப்பை முடித்து வெளியூருக்கு வேலைக்குப் போனபோது அலமாரியில் ஒரு வாட்டர் கலர் பெட்டியை விட்டுவிட்டுப் போனாள். தூக்கிப் போட மனமில்லாமல் எடைமேடைக்காரர் அதை எடுத்துத் திறந்து பார்த்தார். அதில் நீலம் அதிகம் செலவாகாமல் இருந்தது. அடுத்த நாள் வேலை முடிந்ததும் அந்தப் பெட்டியோடு கிடங்குகளைச் சுற்றிக்கொண்டு பழைய படகுத்துறைக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே இப்போது பெரிய கப்பல் எதுவும் வருவதில்லை. இழுவைப் படகுகள் மட்டும் கட்டிக் கிடக்கும். எதிரே முழுத் துறைமுகமும் தெரியும். இத்தனை வருஷமும் லாரிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கடலை அன்றைக்குத்தான் அவர் நேருக்கு நேர் பார்த்தார் என்று சொல்ல வேண்டும்.

அந்தி நேரத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அவருடைய தொழில்தான். சூரியன் இறங்கிய பிறகு கொஞ்ச நேரம் வானத்தின் வெளிச்சமும் துறைமுகத்து விளக்குகளின் வெளிச்சமும் சரிசமமாக நிற்கும். ஒரு தட்டில் வானம், ஒரு தட்டில் விளக்கு. அப்புறம் விளக்குப் பக்கம் தட்டு இறங்கிவிடும், கடல் வெறும் இருட்டாகிவிடும். அந்தச் சமநிலையைத்தான் அவர் தாளில் பிடிக்கப் பார்த்தார். அது பத்து நிமிஷமோ பதினைந்து நிமிஷமோ, ஆளை ஏமாற்றிவிட்டுப் போய்விடும். நம்மவர் விடமாட்டார். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் டியூப்லைட் அடியில் உட்கார்ந்து முடிப்பார். காலையில் பார்த்தால் நீலம் என்று நினைத்துப் பூசியது சாம்பலாக இருக்கும்.

ஆனால் வேலை சுத்தம். கிரேன் என்றால் அதில் எத்தனை கம்பி உண்டோ அத்தனையும் இருக்கும். கப்பலின் ஜன்னல்களை எண்ணித்தான் போடுவார். படகுத்துறைப் பக்கம் வருகிறவர்கள் நின்று பார்த்து, "போட்டோ மாதிரியே இருக்கு சார்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையை அவர் வீடு வரைக்கும் கொண்டுபோய், ராத்திரி படுக்கும்போதும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்வார். அவர் வாழ்க்கையில் அவரைப் பாராட்டியவர்கள் ரொம்பக் குறைவு. லாரிக்காரன் எவனாவது எடை போடுகிறவனைப் பாராட்டியிருக்கிறானா?

அவர் மனைவியை எல்லோரும் டெய்லரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தாள். காக்கிச் சட்டை, நீலச் சட்டை, முட்டியில் கிழிந்த கால்சட்டை. நாள் முழுக்க ஊசி முனையைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்க ஆரம்பித்தபோது கண் டாக்டர், தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் தூரத்தைப் பார்க்கச் சொன்னார். தூரத்துக்கு எங்கே போவது? வீட்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். எனவே கணவரோடு படகுத்துறைக்கு வரத் தொடங்கினாள். அவர் இரண்டு முக்காலியையும் தண்ணீர் பாட்டில்களையும் தூக்கிக்கொள்வார், அவள் தாளும் பலகையும் வைத்த பையைத் தூக்கிக்கொள்வாள்.

முதலில் கொஞ்ச நாள் டாக்டர் சொன்னபடி அடிவானத்தையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் கொட்டாவி விட்டபடி சொன்னாள்.

"கையைக் கட்டிக்கிட்டு சும்மா உக்காந்தா எனக்குத் தூக்கம்தான் வருது. ஓரத்துல கிழிச்சுப் போட்ட பேப்பர் இருந்தா ஒண்ணு குடுங்க."

எடைமேடைக்காரர் தாராளமாகக் கொடுத்தார். வீணாய்ப்போன படம் ஒன்றின் பின்பக்கத்தையும், முடி பரந்துபோன பழைய பிரஷ் ஒன்றையும் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் முதலில் செய்த காரியம், பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசி எடுத்து உதட்டுக்கு நடுவில் வைத்து நுனியைக் கூராக்கியதுதான்.

"அய்யய்யோ, வாயில வெக்காத. பெயின்ட் அது, விஷம்."

"காலம்பூரா நூல் நுனியை எச்சில் பண்ணித்தானே ஊசியில கோக்கறேன். கையில நுனி உள்ளது எது வந்தாலும் தானா வாய்க்குப் போகுது. நான் என்ன பண்ண?"

அதன் பிறகு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டுவாள், அடுத்த நிமிஷம் பிரஷ் வாய்க்குப் போகும். சொல்லிச் சொல்லி அவர் வாய்தான் வலித்தது.

அவள் போட்டதில் கிரேனுக்குக் கம்பியே இல்லை. கப்பலுக்கு ஜன்னல் இல்லை. ஆனால் விளக்குகள் எரிந்தன. இது எப்படி என்று அவருக்கு முதலில் புரியவில்லை. வாட்டர் கலரில் வெள்ளை என்பது பூசுகிற நிறம் கிடையாது, தாளில் பூசாமல் விட்டுவைக்கிற இடம்தான். இது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கை கேட்காது. எல்லா இடத்தையும் பூசிவிட்டு, அப்புறம் பிளேடால் சுரண்டி விளக்கை வரவழைப்பார். அவளோ தையல்காரி. வெட்டின துணியை ஒட்ட முடியாது என்பது அவள் உடம்பிலேயே ஊறியிருந்தது. தையலுக்கு ஓரத்தில் துணி விடுகிற மாதிரி, விளக்குக்கு வேண்டிய இடத்தை முதலிலேயே விட்டுவிட்டுத்தான் இருட்டைத் தொடுவாள். வெளிச்சம் போய்விட்டால் படம் அரைகுறையாக இருந்தாலும் மூடி வைத்துவிடுவாள்.

"வீட்டுக்குப் போயி முடியேன்" என்பார் அவர்.

"எதைப் பாத்து முடிக்க?" என்பாள் அவள்.

அப்புறம் அந்த நாள் வந்தது. இழுவைப் படகுக் கேப்டன் டீ டம்ளரும் கையுமாக எப்போதும் போல அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றார். பெரிய உருவம், குரலும் அதற்குத் தகுந்த மாதிரி. எடைமேடைக்காரர் பின்னால் காலடிச் சத்தம் கேட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து படம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். காலடி நிற்கவில்லை. அவரைத் தாண்டிப் போய் டெய்லரம்மாவின் முக்காலிக்குப் பின்னால் நின்றது. டம்ளர் வாய்க்குப் போகவே இல்லை. கேப்டனின் டீ ஆறியிருக்கும்.

"நான் தினம் இந்தத் தண்ணியிலதான் கெடக்கேன்" என்றார் கேப்டன். "இது இப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது."

எடைமேடைக்காரருக்கு வயிற்றில் யாரோ தீக்குச்சி கிழித்துப் போட்ட மாதிரி இருந்தது. பொறாமைதான், வேறு பெயர் எதற்கு? அதுவும் ஊராள் மேல் வந்தால் நாலு பேரிடம் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள் மேல் வந்தால் என்ன செய்வது? யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

அன்றிலிருந்து அவர் படம் போடுவதைவிட யார் யாருக்குப் பின்னால் எத்தனை நேரம் நிற்கிறார்கள் என்று எடை போடுவதில்தான் குறியாக இருந்தார். முக்காலிகளை இடம் மாற்றிப் போட்டார், வருகிறவர்கள் முதலில் தன்னிடம் வரட்டும் என்று. வந்தார்கள், ஒரு பார்வை பார்த்தார்கள், நகர்ந்து போய் அவளிடம் நின்றார்கள். நல்ல தாளைத் தனக்கு வைத்துக்கொண்டு சொரசொரவென்ற மட்டமான தாளை அவளுக்குக் கொடுத்தார். அவளோ, "இது நல்லா தண்ணி குடிக்குதுங்க" என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் குற்றம் சொல்லிப் பார்த்தார்.

"அந்தக் கிரேன்ல கம்பி எல்லாத்தையும் விட்டுட்டியே."

"அப்படியா? இருட்டுல எனக்குக் கம்பி தெரியலையே."

அவருக்கும் தெரியவில்லைதான். பகலில் எண்ணி வைத்ததை ஞாபகத்தில் இருந்து போட்டுக்கொண்டிருந்தார். அந்த நினைப்பு வந்ததும் எரிச்சல் இன்னும் ஏறியது.

இந்த நேரத்தில்தான் கேன்டீன் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். பயணிகளுக்காகப் புதிதாகக் கட்டிய காத்திருப்புக் கூடத்தில், வாசலுக்கு எதிர்ச் சுவரில், துறைமுகத்தைப் பற்றிய ஒரு படம் மாட்டப்போகிறார்கள். ஒரே ஒரு படம். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களோ அவர்கள் குடும்பத்தாரோ வரைந்ததாக இருக்க வேண்டும். கேன்டீனில் எல்லோரும் எடைமேடைக்காரரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். "உங்களுக்குத்தான் சார். வேற யாரு இருக்கா?" என்றார்கள். அவர் அடக்கமாகச் சிரித்தார். சாப்பிட்ட ரொட்டி அன்றைக்குத் தனி ருசியாக இருந்தது. அந்தச் சுவரில் தன் படம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்றுகூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் கேப்டன் வந்து அந்தச் சந்தோஷத்தின் மேல் தண்ணீரை ஊற்றினார்.

"குடும்பத்தாரும் குடுக்கலாம்னு போட்டிருக்கான், பாத்தீங்களா டெய்லரம்மா? நீங்க ஒண்ணு குடுங்க."

"இவர் குடுப்பாருங்க. எனக்கு எதுக்கு?" என்றாள் அவள். கேப்டன் போன பிறகு கொஞ்ச நேரம் கழித்து, கடலைப் பார்த்துக்கொண்டே, "சும்மா ஒண்ணு குடுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"குடேன். யார் வேணாம்னு சொன்னா?" என்றார் அவர். வாய்தான் சொன்னது.

ராத்திரி மகள் போன் செய்தாள். இரண்டு பேர் படத்தையும் அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். "அம்மா, கண்ணை எடுக்கவே முடியலம்மா" என்று ஆரம்பித்து அம்மாவோடு பேசித் தீர்த்துவிட்டு, கடைசியில், "அப்பா படமும் நல்லாருக்குன்னு சொல்லு" என்றாள். அந்த "படமும்" அவர் காதில் விழுந்தது. விளக்கை அணைத்த பிறகும் அது அவரைத் தூங்க விடவில்லை.

கொடுப்பதற்குக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம். மழை பெய்து விட்டிருந்ததால் வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. இப்படி ஒரு வானம் அடிக்கடி கிடைக்காது என்று இருவருக்குமே தெரியும். அவள் தாளைப் பலகையில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். வண்ணம் கலக்குகிற தட்டைக் கழுவி வருகிறேன் என்று எடைமேடைக்காரர் படகுத்துறையின் படிகளில் இறங்கினார். கையில் தட்டு இருந்தது. அதோடு, அவளுடைய சிவப்பு மூடி போட்ட தண்ணீர் பாட்டிலும் இருந்தது.

தாம் என்ன செய்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்தார், கை தானாகப் போனது என்றெல்லாம் சொல்லி அவரைக் காப்பாற்றப் போவதில்லை. பாட்டிலில் இருந்த நல்ல தண்ணீரைப் படியில் கொட்டினார். குனிந்து கடல் தண்ணீரை மொண்டார். பாசி பிடித்த படி, கால் வழுக்கியது, இரும்பு வளையத்தைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டார். உப்புத் தண்ணீரில் தாள் சீக்கிரம் காயாது, நிறம் திரியும், தாள் வளைந்துகொள்ளும், அவள் சலித்துப்போய் மூடி வைத்துவிடுவாள். இதுதான் அவர் போட்ட கணக்கு. ஒரு சாயங்காலம் வீணாகும், வேறு என்ன நஷ்டம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். மேலே வந்து பாட்டிலை அது இருந்த இடத்திலேயே வைத்தார்.

பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கடல் பக்கம் பார்க்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தம் படத்தில் கண்ணைப் புதைத்தார். அவள் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிரஷ்ஷை அலசுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே போடுவாள். நாளைக்கு வாங்க வேண்டிய பட்டன், பக்கத்து வீட்டுக் குழாய் என்று பேச்சு ஓடும். அன்று பேச்சில்லை. ஓரக்கண்ணால் பார்த்தார். பிரஷ் கையில் இருக்க, அவள் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வானத்தைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து வேலையைத் தொடங்கினாள். நிறம் எடுக்க யோசிக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவருடைய படத்தில் அன்று கிரேனின் கம்பி ஒன்று கோணிக்கொண்டது.

படம் காயவில்லைதான். ஈரத்தோடு பலகையிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார்கள்.

காலையில் அவர் எழுந்தபோது அவள் சமையலறையில் இருந்தாள். அவர் மெதுவாக முன்னறைக்குப் போய்ப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

கடல் அத்தனை கறுப்பாக இருந்தது. அவள் இதுவரை இப்படி ஒரு கறுப்பைப் போட்டதில்லை. அந்தக் கறுப்பு முழுக்க நட்சத்திரம் தெளித்த மாதிரி பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள். உப்பு காயும்போது நிறத்தைச் சுற்றிலும் தள்ளிவிட்டுத் தாளின் வெள்ளையை வெளியே விட்டிருந்தது. அலையின் மேல் விளக்கு உடைந்து சிதறுமே, கண்ணால் பார்க்கலாம், கையால் போடவே முடியாது என்று அவர் வருஷக்கணக்காகக் கைவிட்டிருந்த அந்த மினுமினுப்பு, அது அப்படியே தாளில் இருந்தது. விரலால் தடவினார். நறநறவென்றது. விரலை நாக்கில் வைத்தார். உப்பு.

தாம் பாழாக்கப் போய், தாமே அவளுக்கு இதைச் செய்து கொடுத்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போது உறைத்தது. ஈரத்துணி ஒன்று மெஷின் பக்கத்திலேயே கிடந்தது. ஒரு துடைப்பு போதும். கை துணி வரைக்கும் போனது. சமையலறையிலிருந்து, "காஞ்சிருச்சாங்க?" என்று குரல் வந்தது. "ம்" என்று சொல்லிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். மனசு மாறியதால் இல்லை. மாட்டிக்கொள்வோம் என்ற பயம்.

அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? துறைமுக மேலாளரம்மா வந்திருந்த படங்களையெல்லாம் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்து, கண்ணாடியைக் கழற்றிப் போட்டு, போட்டுக் கழற்றிப் பார்த்தார். எடைமேடைக்காரரின் படத்துக்கு முன்னால், "ரொம்பப் பொறுமையா போட்டிருக்கீங்க" என்றார். டெய்லரம்மாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒன்றுமே சொல்லவில்லை. எடை போடத் தெரிந்தவருக்கு அதுவே போதும்.

"இந்த மினுமினுப்பு எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டார் மேலாளரம்மா.

"எனக்கென்னங்க தெரியும்" என்றாள் டெய்லரம்மா. "எல்லாம் இவர் கொண்டு வந்த தண்ணிதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேப்டன் எடைமேடைக்காரரின் முதுகில் தட்டி, "பாத்தீங்களா, உங்களை விட்டுக்குடுக்காம பேசறாங்க" என்றார். எடைமேடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. தெரிந்து சொன்னாளா, மரியாதைக்குச் சொன்னாளா? எத்தனை தடவை எடை போட்டுப் பார்த்தாலும் முள் நடுவிலேயே நின்றது.

படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். அவர் பார்த்து வைத்த அதே உயரத்தில் மாட்டினார்கள். வேலைக்குப் போகும்போது அந்தக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பெட்டியும் மூட்டையுமாகப் பயணிகள் அதன் முன்னால் நின்று, "அந்தத் தண்ணியைப் பாரேன், ஏன் இவ்ளோ கறுப்பா இருக்கு" என்று ஒருவருக்கொருவர் காட்டுவார்கள். அவருக்கு நாக்கு அரிக்கும். அது என் தண்ணி, நான் மொண்ட தண்ணி, நான் இல்லாவிட்டால் அந்த நட்சத்திரம் ஒன்றுகூட அங்கே இருக்காது என்று கத்த வேண்டும் போல இருக்கும். கத்தலாம். கத்தினால் அடுத்த கேள்வி, ஏன் மொண்டாய் என்று வரும். புகழில் பாதி வேண்டுமென்றால் அவமானம் முழுவதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு சரக்கு எந்த லாரியிலும் வந்ததில்லை. அவர் மென்று விழுங்கிக்கொண்டு இரண்டாம் வாசலுக்குப் போய் உட்காருவார்.

இன்னொன்றும் அவரை உறுத்தியது. அந்த நாளுக்குப் பிறகு தண்ணீர் பாட்டிலை அவள் அவரிடம் கொடுப்பதே இல்லை. வீட்டிலேயே நிரப்பி, தன் பையில் வைத்துக்கொண்டு வருவாள்.

"குடு, நான் தூக்கிக்கறேன். உனக்குக் கை வலிக்கும்."

"பரவால்லைங்க. உங்களுக்கு முக்காலி இருக்கே."

அவருடைய முழங்கால் வலிக்காகச் சொல்கிறாள் என்று நம்பப் பார்த்தார். முக்கால்வாசி நம்பினார். மிச்சக் கால்வாசி ராத்திரிகளில் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது.

மழைக்காலம் முடிந்து வானம் மறுபடி தெளிந்தது. பழையபடி இரண்டு முக்காலிகள், இரண்டு பலகைகள். அவள் படங்கள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் அந்த மினுமினுப்பு வரவில்லை. கேப்டன்கூட ஒரு நாள், "அந்த நட்சத்திரம் இதுல காணமே டெய்லரம்மா" என்றார். "அது ஒரு நாள் வந்துச்சு" என்று சொல்லிவிட்டாள். எடைமேடைக்காரருக்கு உள்ளுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி. அற்பம்தான், ஆனாலும் பல மாசத்துக்குப் பிறகு வந்த குளிர்ச்சி.

ஒரு சாயங்காலம், மழை விட்ட அந்த நாளின் வானம் மாதிரியே ஒரு வானம் வந்தது. அடியில் ஆரஞ்சு, மேலே பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். எதிர்க்கரையில் முதல் விளக்கு எரிந்தது. அவள் தாளை மாட்டினாள். பையிலிருந்து சிவப்பு மூடி பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து, உள்ளே இருந்த தண்ணீரை அப்படியே தரையில் கொட்டினாள். காலி பாட்டிலை அவர் பக்கம் நீட்டினாள்.

"போயி பிடிச்சிட்டு வாங்க."

"எங்க போயி?"

"அன்னிக்குப் பிடிச்சீங்களே, அந்தப் படியில. அதே தண்ணி."

எடைமேடைக்காரர் பாட்டிலைக் கையில் வாங்கினார். வாங்கியபடியே நின்றார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் தடவை பிரஷ்ஷை வாயில வெச்சப்பவே. உப்புக் கரிச்சுது."

அத்தனை தடவை வாயில் வைக்காதே, வாயில் வைக்காதே என்று கத்தியவர் அவர். அன்றைக்குப் படியில் குனிந்தபோது அது மட்டும் அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

"அப்பவே கேட்டிருக்கலாமே? ஏன் கேக்கல?"

அவள் அவரைப் பார்க்காமல், வானத்தில் நிறத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"கேட்டா என்ன ஆகும்? நீங்க இல்லைம்பீங்க. நான் ஆமாம்பேன். கத்துவோம். அது முடியறதுக்குள்ள வெளிச்சம் போயிருக்கும்."

"கோவம் வரலையா?"

"வராம என்ன? கடல் ஏன் இவ்ளோ கறுப்பா இருக்குன்னு எல்லாரும் கேட்டாங்களே. அப்புறம் எங்க போச்சுன்னு நினைச்சீங்க?"

அவர் மனசுக்குள் அந்தச் சாயங்காலத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். உப்புத் தண்ணீர் தம் பாட்டிலில் இருந்திருந்தால்? பாட்டிலைக் கடலில் வீசியிருப்பார். முக்காலியை உதைத்திருப்பார். வீடு வரைக்கும் சண்டை போட்டிருப்பார். வானம் பாட்டுக்கு அணைந்துபோயிருக்கும், அவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். அவளோ கணவன் செய்த துரோகம் நாக்கில் கரிக்கக் கரிக்க, ஒரே ஒரு தடவை வானத்தைப் பார்த்துவிட்டு, இருக்கிற தண்ணீரில் வேலையைத் தொடங்கியிருக்கிறாள். கேப்டன் நின்றபோதும், மேலாளரம்மா பேசாமல் நின்றபோதும் வராத அளவுக்குப் பொறாமை அவருக்கு இப்போது வந்தது. அது படத்தின் மேல் வந்த பொறாமை இல்லை. அவளுடைய இந்தக் குணத்தை எந்தத் தண்ணீரை மாற்றியும் கெடுக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள் அவள். "மேல பாருங்க. போயிட்டிருக்கு."

எடைமேடைக்காரர் படிகளில் இறங்கினார். முழங்கால் வலியை மறந்து, பாசியை மறந்து, வளையத்தைப் பிடிக்காமல் இறங்கினார். பாட்டில் கழுத்து வரைக்கும் மொண்டார். மூடி போட நேரம் பார்க்காமல், சட்டையில் தண்ணீர் சிந்தச் சிந்த ஓடி வந்து அவள் கிண்ணத்தில் ஊற்றினார். மூச்சு வாங்கியது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அவள் பிரஷ்ஷை அலசி உதட்டில் வைத்து நுனி எடுத்தாள். முகத்தைச் சுளித்தாள். அன்றைக்கு அவர் பார்க்காமல் விட்ட முகம் அது.

"இதேதான்" என்று சொல்லிவிட்டு அவள் தாளின் மேல் குனிந்தாள்.